கழட்டிப் போட்ட ஞாயித்துக்கெழமைங்க

எங்க ஊட்டுக்காரரு மோட்டார் சைக்கிள ஓட்டி நான் பாத்ததவிட கழட்டிப் பாத்தது தான் ஜாஸ்தி. ரெண்டர வருசம். ஞாயித்துக்கெழம ஆச்சுன்னா போதும், நாஷ்டா துன்ன கையோட வாசல்ல கோணிய விரிச்சு, மண்ணெண்ண டப்பாவ பக்கத்துல வெச்சிகினு, வண்டிய பார்ட்டு பார்ட்டா பிரிச்சுப் போட்டு குந்திக்குவாரு. சாயங்காலம் திரும்ப மூட்டுவாரு. கிக்கர உதைப்பாரு. அது ரெண்டு வாட்டி இருமும், அப்பால கம்முனு ஆயிடும். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்மே"ன்னு சொல்லிட்டு கை கழுவப் போயிடுவாரு. எனக்கு வர்ற கோவத்துக்கு அந்த மண்ணெண்ணெய வண்டி தலையிலயே ஊத்தி கொளுத்தலாமான்னு இருக்கும்.

வண்டி மேல எனக்கு இன்னா அவ்ளோ ஆசன்னு கேப்பீங்க. வண்டி மேல ஒரு ஆசையும் இல்ல. எனக்கு எங்க அக்காவப் பாக்கணும். அதுக்கு அந்த வண்டி ஓடணும். அவ்ளோ தான் விசயம்.

என் பேரு சம்பூர்ணம். பழவேற்காடு ஏரிக்கர குப்பத்துல பொறந்தவ. ஆத்தா என்னப் பெத்துட்டு போயி சேந்துடுச்சு, நைனா கடலுக்குப் போனவரு வரல. என்ன வளத்தது எங்க அக்கா அங்காளம்மா. என்னவிட ஒம்போது வயசு தான் பெருசு. பொன்னேரி சந்தைக்கு மீனு கூடைய தலைல வெச்சிகினு, என்ன இடுப்புல வெச்சிகினு நடக்கும். முனிகிருஷ்ணன் மாமா பொண்ணு கேட்டு வந்தப்போ, "எந்தங்கச்சியும் என்கூட தான் இருக்கும், இஷ்டம்னா தாலி கட்டு, இல்லன்னா எழுந்து போய்க்கினே இரு"ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன பொம்பள அது. மாமாவும் கட்டிகினாரு. பத்தொம்போது வயசு வரைக்கும் நான் அக்கா முந்தானையப் புடிச்சிகினு தான் தூங்கினேன்.

அறுவத்தொம்போதுல என்னத் திருப்பாச்சூருக்கு கட்டிக் குடுத்தாங்க. எங்க ஜனம் தான். ஆனா எங்க ஊட்டுக்காரரு ராஜவேலுவோட அப்பா காலத்துலயே மீனு புடிக்கறத உட்டுட்டு வெளிய வந்தவங்க. இவரு அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒரு கம்பெனில பிட்டரு. திருவள்ளூருக்கு சைக்கிள்ல போயி அங்கேர்ந்து ரயில் ஏறுவாரு. நல்ல மனுசன். குடி கெடையாது, கை நீட்டறது கெடையாது. ரோசம் ஒண்ணு தான் எக்கச்சக்கம்.

அந்த ரோசம் தான் என் வாழ்க்கைல மண்ணப் போட்டுச்சு. கல்யாணம் ஆன மொத ஆடி. எங்க ஜனத்துல ஆடிக்கு பொண்ண தாய் ஊட்டுக்கு இட்டுகினு வந்துடுவாங்க, மாசம் முடியற நேரத்துல மாப்ள வந்து விருந்து சாப்ட்டு இட்டுகினு போவாரு. எனக்குத் தாய் ஊடுன்னா அக்கா ஊடு தான். இவரு வந்த அன்னிக்கு நல்ல மழ. மூணு பஸ்சு மாறி, கடைசி ரெண்டு மைலு சேத்துல நடந்து, வெள்ள வேட்டி முழங்கால் வரைக்கும் சகதியோட வந்து நின்னாரு. முனிகிருஷ்ணன் மாமா கொஞ்சம் போட்டிருந்தாரு. "இன்னா சகல, ஓடம் தள்ளவும் தெரியாது, வண்டியும் கெடையாது, எங்க பொண்ண எதுல தான் இட்டுகினு போவ?"ன்னாரு. கரைல குந்திகினு இருந்த அத்தினி ஜனமும் சிரிச்சுது. நானும் சிரிச்சுட்டேன், அது என் தப்பு தான்.

இவரு எல போட்டும் குந்தல. "இனிமே சொந்த வண்டில தான் இந்த ஊட்டு வாசல்ல வந்து எறங்குவேன். அதுவரைக்கும் நானும் வரல, என் பொண்டாட்டியும் வராது"ன்னு சொல்லி, என் கையப் புடிச்சு இஸ்துகினு அதே சேத்துல நடந்துட்டாரு.

நீ மட்டும் பஸ்சு ஏறிப் போறது தானேன்னு சொல்லுவீங்க. புருசன் இல்லாம ஒருத்தி பையோட தாய் ஊட்டு வாசல்ல எறங்கினா எங்க குப்பத்துல அதுக்கு ஒரே அர்த்தம் தான், அடிச்சு தொரத்திட்டான். அன்னிக்கு சாயங்காலமே நாலு பெரிய மனுசங்க பஞ்சாயத்துக்கு கெளம்பிடுவாங்க. வயித்துல ஒண்ணு கீதுன்னாலும் வளைகாப்பு, பிரசவம்னு சாக்கு கெடைக்கும். அதுவும் எனக்கு இல்ல. அக்காவுக்கு எழுதப் படிக்க வராது, எனக்கும் வராது. மூணு வருசம் அக்கா மூஞ்சியப் பாக்கல, கொரலக் கேக்கல.

அந்த ஆடி முடிஞ்ச தையிலயே வண்டிய வாங்கிட்டாரு. மிலிட்டரி ஏலத்துல வந்த பழைய மோட்டார் சைக்கிளு, பச்சக் கலரு, இஞ்சினு இறுகிப் போயி கெடந்துச்சு. மாட்டு வண்டில ஏத்திகினு வந்தாரு. "ரெண்டே மாசம், உன்ன ஏரிக்கரைல எறக்குறேன் பாரு"ன்னாரு. நானும் நம்பினேன். புதுசா ஒரு பொடவ எடுத்து பொட்டில வெச்சேன்.

ரெண்டு மாசம் ஆச்சு, ஆறு மாசம் ஆச்சு. ரிங்கு போச்சுன்னாரு, காயில் போச்சுன்னாரு, கார்புரேட்டர்ல அடைப்புன்னாரு. மூர் மார்க்கெட்டுக்குப் போயி பழைய பார்ட்டா தேடிகினு வருவாரு. எனக்குப் பொறுமை போயிடுச்சு. "தா பாருய்யா, திருவள்ளூர் ரயிலடிகிட்ட ஏஜென்டு கம்பெனி கீது. வண்டி விக்கறவனே ரிப்பேரும் பண்றான். துட்ட குடுத்து உட்டா நாலு நாள்ல ஓட வெச்சுக் குடுப்பான்"னேன்.

"ஏஜென்டா? அவன் நம்ம நல்ல பார்ட்ட உருவிகினு பழசப் போட்டு அனுப்புவான். சம்பளத்துக்கு நட்டு முறுக்கறவனுக்கு வண்டி மேல இன்னா அக்கற இருக்கும்? என் வண்டில இன்னொருத்தன் ஸ்பேனரு படக்கூடாது."

"உன் அக்கறைல தான் அது நவுர மாட்டேங்குதே."

"பேஜாரு பண்ணாதமே. அந்த பெரிய ஸ்பேனர எடு."

எடுத்துக் குடுப்பேன். வேற இன்னா பண்றது. எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனருன்னு அவரு கேக்கறதுக்கு முன்னாடியே என் கை எடுக்கற அளவுக்கு வந்துட்டேன். அவரு தேய்ச்சிகினு இருப்பாரு, நான் பக்கத்துல குந்திகினு அக்காவப் பத்தி பேசிகினே இருப்பேன். பொன்னேரி சந்தைல ஒருத்தன் என் கன்னத்தக் கிள்ளினதுக்கு, கூடைல இருந்த மடவ மீன எடுத்து அவன் மூஞ்சிலயே சாத்திச்சே அக்கா, அந்தக் கத. மாமாகிட்ட மீனு வெல எறங்கிடுச்சுன்னு பொய் சொல்லிட்டு எனக்கு ரிப்பனு வாங்கின கத. எனக்கு அம்ம போட்டப்போ வேப்பெலையோட பக்கத்துலயே படுத்துகினு தனக்கும் வாங்கிகின கத. அவரு தல தூக்காம கேப்பாரு. சில சமயம் அவரே, "அந்த மடவ மீனு கதைய சொல்லு"ன்னு கேட்டு வாங்குவாரு. மத்த நாள்ல எங்களுக்குள்ள இவ்ளோ பேச்சு கெடையாது. காலைல அஞ்சு மணிக்கு போறவரு பொழுது சாஞ்சு வந்து சோத்தத் துன்னுட்டு படுத்துருவாரு.

எழுவத்திரெண்டு பொங்கலுக்கு அப்பால வண்டி இருமறதகூட நிறுத்திடுச்சு. உதைச்சா சத்தமே இல்ல. அவருகிட்டயும் பழைய வேகம் இல்ல. நான் ஆடி வரைக்கும் பல்லக் கடிச்சுகினு இருந்தேன். அந்த ஆடிலயும் தெருவுல கீற பொண்ணுங்க எல்லாம் தாய் ஊட்டுக்குப் போயி திரும்பி வந்து, "நீ போகலியா சம்பூர்ணம்?"னு கேட்டாளுங்க. அன்னிக்கு முடிவு பண்ணேன். இந்த மனுசன் ரோசத்துக்கு நான் எத்தினி வருசம் சாவறது?

ஆவணில ஒரு செவ்வாக்கெழம, அவரு வேலைக்குப் போனதும், கோழி முட்ட வித்து சேத்தத முந்தானைல முடிஞ்சுகினு திருவள்ளூருக்கு நடந்தேன். ஏஜென்டு கம்பெனி வாசல்ல புது வண்டிங்க பளபளன்னு நிக்குது. உள்ள போக கூச்சமா இருந்துச்சு. பொம்பள ஒருத்தி தனியா வந்து மோட்டார் சைக்கிளு ரிப்பேருன்னு நின்னா எல்லாரும் பாக்க மாட்டாங்களா? பாத்தாங்க. "ஊட்டுக்காரருக்கு தெரியுமாம்மா?"ன்னு மேஜைல கீறவரு கேட்டாரு. "அவரு தான் அனுப்பினாரு"ன்னு கூசாம பொய் சொன்னேன்.

பெரிய மெக்கானிக்கு ஆசீர்வாதம்னு ஒருத்தரு, செவ்வாப்பேட்டக்காரரு, சைக்கிள்ல என் பின்னாடியே வந்தாரு. வண்டிய சுத்திச் சுத்தி வந்தாரு. உக்காந்து பாத்தாரு, தட்டிப் பாத்தாரு, ஒரு நட்ட விரலால தடவிப் பாத்தாரு. மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு.

"யாரும்மா இதுல வேல பண்றது?"

"எங்க ஊட்டுக்காரரு தான். தெரியாத்தனமா எதுனா பண்ணிட்டாராண்ணா?"

"நல்லா கேட்ட போ. எங்க கம்பெனில எந்தப் பையனும் இவ்ளோ சுத்தமா மூட்ட மாட்டான்மா. நானே மூட்டமாட்டேன். இதுல ஒரு கோளாறும் இல்லியே."

அப்பறம் இஞ்சினு பக்கத்துல ஒரு சின்ன மூடியக் கழட்டினாரு. உள்ள ரெண்டு குட்டி பித்தான் மாதிரி ஒண்ணையொண்ணு தொட்டுகினு இருக்குமாம், பாயிண்ட்டுன்னு பேரு, அது தொட்டு விலகினா தான் நெருப்புப் பொறி வருமாம். அதுக்கு நடுவுலேர்ந்து விரல் நகத்தால எதையோ இஸ்தாரு. தினசரி காலண்டர் தாளு. நாலா மடிச்சு சொருவி வெச்சிருந்துச்சு. எண்ணெ ஊறிப் போயி ஓரத்துல 'தை'ன்னு மட்டும் தெரியுதுன்னு அவரு தான் படிச்சு சொன்னாரு. என் கைல குடுத்துட்டு, மூடிய மாட்டிட்டு, கிக்கர உதைச்சாரு. ரெண்டாவது உதையிலயே வண்டி டுபுடுபுன்னு ஓடுது. கோழிங்கல்லாம் மெரண்டு ஓடுது. நான் அந்தக் காயிதத்த வெச்சிகினு நிக்கறேன்.

"இது தானா வந்து குந்தாதும்மா"ன்னாரு ஆசீர்வாதம். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. முந்தானை முடிச்ச அவுத்தேன், வேணாம்னுட்டாரு. கூழு ஊத்திக் குடுத்தேன், குடிச்சுட்டு போனாரு.

அன்னிக்கு நான் ஒல வெக்கல. அவரு வந்து சைக்கிள சாத்தும்போதே எதுர போயி உள்ளங்கைய விரிச்சு அந்தக் காயிதத்தக் காட்டினேன். அவருக்கு மூஞ்சில ரத்தமே இல்ல.

"ஏன்யா"ன்னு கேட்டேன். "மூணு வருசம்யா. எந்தப் பாவிக்கு இன்னா கெடுதல் பண்ணேன் நானு? நான் அக்கா ஊட்டுக்குப் போறது பிடிக்கலன்னா ஒரு வார்த்தைல சொல்லியிருந்தா அன்னிக்கே தலைல தண்ணி தெளிச்சுகினு இருந்திருப்பேனே. வாராவாரம் உன் கால்மாட்டுல குந்திகினு ஸ்பேனரு எடுத்துக் குடுத்தேனே, உனக்கு மனசுன்னு ஒண்ணு கீதா?" இன்னும் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அதெல்லாம் இப்ப சொல்ல முடியாது.

எல்லாத்தையும் கேட்டுகினு தரையில குந்திட்டாரு. அப்பால தான் சொன்னாரு.

"பொங்கலுக்கே வண்டி சரியாயிடுச்சு. நீ தண்ணிக்குப் போயிருந்த. ஒரு உதையில எடுத்துச்சு. எனக்கு எவ்ளோ சந்தோசமா இருந்திருக்கணும்? ஆனா பயம் தான் வந்துச்சு. ஒவ்வொரு வாரமும் நீ உங்க அக்காவப் பத்தி சொல்லுவ. அப்ப உன் மூஞ்சி எப்டி ஆவுதுன்னு உனக்குத் தெரியாது, நான் பாத்துகினு இருந்தேன். இங்க உனக்கு இன்னா கீது? ஒரு கொழந்த கூட இல்ல. அங்க கொண்டு போயி உட்டா நீ திரும்பி வருவன்னு எனக்குத் தோணல. என்னப் பத்தி யார்கிட்டயாவது நீ அப்டி பேசியிருக்கியா?"

பேசினதில்ல. அது நெசம் தான். எனக்கு அழுக வந்துச்சு, அதுக்கும் சேத்து கோவம் வந்துச்சு. "வர்ற ஞாயித்துக்கெழம வண்டிய எடுக்கற. அதுக்கு மேல எங்கிட்ட பேசாத"ன்னு சொல்லிட்டு போயி படுத்துட்டேன்.

ஞாயித்துக்கெழம, பொட்டில வெச்ச பொடவைய எடுத்துக் கட்டினேன். விடிஞ்சும் விடியாம கெளம்பி, பெரியபாளையம் வழியா பொன்னேரி, அங்கேர்ந்து பழவேற்காடு. வண்டி ஒரு எடத்துல நிக்கல, ஒரு திக்கல் இல்ல. காத்துல உப்பு வாசன வந்துச்சு. அவரு தோள இறுக்கிப் புடிச்சுகினேன். அக்கா என்னப் பாத்ததும் ஓடி வரும், "பாவி, எங்கடி போன"ன்னு முதுகுல நாலு சாத்து சாத்தும், அப்பால கட்டிகினு அழும்னு மூணு வருசமா நான் நெனச்சு வெச்சது அத்தினியும் அந்த ரோட்டுல எனக்கு முன்னாடி ஓடுது.

வாசல்ல வண்டிய நிறுத்தினாரு. சும்மா ரெண்டு வாட்டி உறும உட்டாரு, ரோசக்காரரு இல்லியா. மாமா வலைய உதறிகினு வெளிய வந்தாரு. "வா சகல. வண்டியெல்லாம் வாங்கிட்டியா, நல்லதாப் போச்சு. திரும்பறப்போ ஒரு எறா கூடைய பொன்னேரில எறக்கிட்டுப் போவியா?"ன்னாரு. அவ்ளோ தான். சிரிச்சதும் சபதம் போட்டதும் அவருக்கு நெனப்புலயே இல்ல. இவரு ஹேண்டில் பார புடிச்சிகினு அப்டியே நிக்கறாரு.

அக்கா பின்கட்டுல குந்திகினு எறா தோலு உரிச்சிகினு இருந்துச்சு. சுத்தி பத்து பொம்பளைங்க. மெட்ராஸ்காரன் ஒருத்தன் எறாவ ஐசுல வெச்சு வெளிநாட்டுக்கு அனுப்பறானாம், அவனுக்கு இங்க அக்கா தான் மேஸ்திரியாம். நல்லா சதை போட்டிருந்துச்சு. தல நிமிந்து பாத்துச்சு.

"அட, சம்பூர்ணமா. வாடி. எப்ப வந்த? தம்பி, நீயும் வா, குந்து. நீங்க வந்து ஒரு வருசம் இருக்குமா?"

"மூணு வருசம் ஆச்சுக்கா."

"அப்டியா? நாளு எங்கடி ஓடுதுன்னே தெரியல. ஏய், அந்தத் தட்ட இப்டி தள்ளு. எப்ப கெளம்பறீங்க? நாலு மணிக்கு ஐசு வண்டி வந்துடும், அதுக்குள்ள உங்களுக்கு எதுனா ஆக்கிப் போடறேன்."

ஈரக் கையாலயே என் கன்னத்தத் தொட்டுச்சு. பாசம் இல்லன்னு சொல்லமாட்டேன். நல்ல மீனா எடுத்து கொழம்பு வெச்சுது, கருவாடு கட்டிக் குடுத்துச்சு. ரெண்டு புள்ளைங்க, ரெண்டும் என்ன யாருன்னு தெரியாம முழிச்சுது. நான் அக்கா பக்கத்துலயே குந்திகினு எறா உரிச்சேன். அந்த மடவ மீனு விசயத்தக் கூட எடுத்துப் பாத்தேன். "யாரு, நானா? இன்னாடி சொல்ற"ன்னு சிரிச்சுட்டு எடக்கல்லு எங்கன்னு தேடுச்சு. இவரு என் பக்கத்த உட்டு ஒரு அடி நவுரல. அன்னிக்கு பூரா நான் போற எடமெல்லாம் கூடவே வந்தாரு, கொல்லைக்குப் போனாகூட சுவத்தாண்ட நின்னாரு. அக்கா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவரு காதுலயும் தான் விழுந்துச்சு.

மூணு மணிக்கு வண்டிகிட்ட வந்து நின்னோம். அவரு எங்கயோ பாத்துகினு, "பத்து நாளு இருந்துட்டு வர்றியா? நானே வந்து இட்டுகினு போறேன்"னாரு. சொல்றதுக்குள்ள அந்த மனுசன் எத்தினி வாட்டி செத்துப் பொழைச்சிருப்பாரோ.

"வேணாம், எடு வண்டிய"ன்னேன்.

எறா கூடைய மடில வெச்சிகினு குந்தினேன். பொன்னேரி வர்ற வரைக்கும் அவரு எதையோ முணுமுணுத்து பாடிகினே வந்தாரு. தன்ன உட்டு இருக்க முடியாம தான் நான் வந்துட்டேன்னு நெனச்சுகிட்டாரு போல. நெனச்சுக்கட்டும். நான் அவரு முதுகுக்குப் பின்னாடி அழுதுகினே வந்தேன், வண்டி சத்தத்துல அது அவருக்குக் கேக்கல.

அடுத்த ஞாயித்துக்கெழம காலைல நாஷ்டா துன்னுட்டு, சட்டய மாட்டிகினு கெளம்பினாரு. "நீ சொன்னது தான்மே சரி. வண்டிய ஏஜென்டு கம்பெனிலயே உட்டுடலாம். அந்த ஆசீர்வாதம் நல்ல வேலக்காரராம்ல. ஆயில் மாத்தி, எல்லாம் பாத்து குடுத்துடுவாரு. ஞாயித்துக்கெழம நாம எங்கனா சினிமா கினிமா போலாம்."

நான் கேட்டுகினு நின்னேன். ரெண்டர வருசமா எதுக்கு சண்ட போட்டேனோ அது நடக்குது. எனக்கு சந்தோசம் வரல. திடீர்னு ஒண்ணு புரிஞ்சுது. நான் ஏங்கி ஏங்கி நெனச்சேனே ஒரு அக்கா, அது இப்ப பழவேற்காட்டுல இல்ல. இந்த வாசல்ல, கோணி மேல, மண்ணெண்ண வாசனைல தான் அது என்கூட இருந்துச்சு. வாராவாரம் வந்துகினு தான் இருந்துச்சு. நான் தான் அது தெரியாம, வண்டி ஓடலியேன்னு அழுதுகினு இருந்தேன்.

"வேணாம். ஏஜென்டுகிட்ட போவாத. ஊட்லயே கழட்டு"ன்னேன்.

"இன்னா கோளாறுமே? நேத்து கூட நல்லா தான ஓடுச்சு?"

"கோளாறு ஒண்ணுமில்ல. சும்மா கழட்டுயா."

என்ன ஒரு நிமிசம் பாத்தாரு. சட்டயக் கழட்டி கொடில போட்டுட்டு, கோணிய எடுத்துகினு வந்து விரிச்சாரு. நான் மண்ணெண்ண டப்பாவ எடுத்து வெச்சு பக்கத்துல குந்தினேன். அவரு ரெண்டு நட்டு கழட்டினாரு. எனக்கு வாய் நிறைய பேசணும்னு கீது, பேசறதுக்கு ஒண்ணுமே இல்ல. அப்பறம் பேசினேன்.

"அன்னிக்கு உனக்குத் தெரியாம அக்கா என்னத் தனியா இட்டுகினு போச்சுயா. என்னக் கட்டிகினு ஓன்னு அழுதுச்சு. 'மூணு வருசமா ஒவ்வொரு நாளா எண்ணிகினு இருந்தேன்டி'ன்னு சொல்லுச்சு."

அன்னிக்கு பூரா என்ன உட்டு ஒரு அடி நவுராத மனுசன் அவரு. தல தூக்கல. கைல இருந்த பார்ட்ட துணில தொடைச்சிகினே, "எண்ணாம பின்ன. வளத்தவ இல்லியா"ன்னாரு. "அப்பறம் இன்னா சொல்லுச்சு, சொல்லு."